ஏற்காட்டில் அல்பாகா வளர்த்துக் குடும்பமாகக் கம்பளிக் கைவினை செய்ய இயலுமா?

நாகலூர்த் தோட்டம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. நான், என் மனைவி, எட்டாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு மகள்கள், என் தாயார் என வீட்டில் ஐந்து பேர். காபிப் பழமும் மிளகும் பறித்து முடித்த பிறகு, கவாத்து, களையெடுப்பு தவிர, ஆண்டில் பல மாதங்கள் கைக்கு வேலை குறைந்துவிடுகிறது. அந்த மாதங்களில் ஐந்து பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு தொழிலைப் பற்றி நெடுநாளாக யோசித்து வருகிறோம்.

சென்ற ஆண்டு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் பெரிய மகளுக்கு, தென் அமெரிக்க மலைகளில் உரோமத்திற்காக வளர்க்கும் அல்பாகா என்னும் விலங்கின் உரோமத்தில் நூற்ற ஒரு நூல் கண்டைக் கொடுத்தார். அதைத் தொட்டுப் பார்த்த நாள் முதல், அந்த விலங்கையே இங்கே வளர்க்கலாமே என்று பிள்ளைகள் இருவரும் விடாமல் கேட்டு வருகிறார்கள். சிறுமியாக இருந்தபோது பள்ளியில் தக்ளி என்னும் சிறு கைக்கதிரில் பஞ்சு நூற்ற என் தாயாருக்கும், குரோஷா பின்னல் நன்றாகத் தெரிந்த என் மனைவிக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

இணையத்தில் தேடியபோது ஒருவர் தொடர்பு கொண்டு, ஒரு ஜோடி அல்பாகாவை ஏற்காட்டிற்கே கொண்டுவந்து இறக்கித் தருவதாகவும், அதற்குப் பாதிப் பணத்தை முன்பணமாக அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறார். அனுப்புவதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். இந்த விலங்கு நம் மலையில் பிழைக்குமா? ஒரு ஜோடி போதுமா? அதன் கம்பளியை வீட்டிலேயே நூற்றுப் பொருளாக்கும் அளவுக்கு எங்களைப் போன்றவர்களால் கற்றுக்கொள்ள இயலுமா?

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

ஐயா, முதல் வேலையாக அந்த முன்பணத்தை அனுப்பாதீர்கள். வெளிநாட்டுக் கால்நடை எதையும் இந்தியாவிற்குள் கொண்டுவருவது 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்திற்கு உட்பட்டது. மத்திய அரசின் இறக்குமதி உரிமமும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு மருத்துவர் அளித்த உடல்நலச் சான்றும், இங்கு வந்து இறங்கியபின் அரசின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கவைத்துப் பரிசோதித்து விடுவித்ததற்கான சான்றும் இருந்தாக வேண்டும். அத்தகைய நிலையம் ஒன்று சென்னையிலும் இருக்கிறது. இந்த மூன்று தாள்களின் நகலைக் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தட்பவெப்பம். அல்பாகா ஒட்டக இனத்தைச் சேர்ந்தது; பெரு, பொலிவியா, சிலி ஆகிய நாடுகளில் ஆண்டிஸ் மலைத்தொடரின் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயர்நிலங்களே அதன் பிறப்பிடம். அங்கே குளிர் கடுமையானது என்பதை எல்லாரும் அறிவார்கள்; காற்று வறண்டது என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். ஏற்காட்டின் வெயிலை அது ஓரளவு தாங்கும் என்றே நினைக்கிறேன். தாங்காதது ஈரம். தென்மேற்குப் பருவத்திலும், அதைத் தொடர்ந்து ஐப்பசி, கார்த்திகை முழுவதும் உங்கள் தோட்டத்தில் பனிமூட்டமும் தூறலும் எவ்வளவு நாள் நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நனைந்த புல்லில் பெருகும் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு நம் செம்மறிகளையே வாட்டி எடுக்கிறது; அந்தப் புழுவோடு தலைமுறை தலைமுறையாகப் பழகாத விலங்கை அது இன்னும் எளிதாகச் சாய்த்துவிடும். கீழே சேலத்தில் வளர்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அந்த உரோமத்தோடு அதை நிறுத்துவது வதை.

நம் மாவட்டத்துக்கே உரிய மேச்சேரி ஆட்டை ஏன் வளர்க்கக் கூடாது என்று யாராவது கேட்கக்கூடும். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டனேரியில் அதற்கெனவே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இறைச்சிக்கும், குறிப்பாகத் தோலின் தரத்திற்கும் பெயர் பெற்ற இனம். ஆனால் அதன் உடலில் இருப்பது குட்டையான மயிர். நூற்பதற்குரிய கம்பளி அதில் கிடையாது. தமிழ்நாட்டில் கம்பளி தரும் ஆடுகளில் கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் குரும்பை ஆடும், நீலகிரி ஆடும் குறிப்பிடத்தக்கவை. குரும்பையின் கம்பளி முரடு, நீலகிரியுடையது மென்மை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ என்னும் மென்கம்பளி இனத்தை வளர்க்கிறார்கள். விலங்கு வாங்கும் எண்ணம் இருந்தால், குடும்பத்தோடு முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காபிக்காரர் எழுதியது:

நானும் ஏற்காட்டுக்காரன்தான். மருத்துவர் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. காபிக்கு நிழல் வேண்டும், மேயும் விலங்குக்குத் திறந்த புல்வெளி வேண்டும். சில்வர் ஓக் மரத்தடியில் காபிச் செடிகளுக்கு நடுவே என்ன புல் முளைக்கும்? இரண்டரை ஏக்கரில் காபியை அழித்தால்தான் மேய்ச்சல் நிலம் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மழைக்கு முன் நாம் எல்லாரும் காபிக்கும் மிளகுக்கும் அடிக்கும் போர்டோ கலவை. அது மயில்துத்தம், அதாவது தாமிரம். செம்மறிக்குத் தாமிரம் நஞ்சு என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நான்கு செம்மறிகளை மிளகுக் கொடியடியில் கட்டி மேய்த்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று போய்விட்டன, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போயிற்று. அல்பாகாவும் இந்த விஷயத்தில் செம்மறியைப் போன்றதே என்று படித்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டைப் பெண் எழுதியது:

சேலம் அம்மாப்பேட்டை என் பிறந்த வீடு. இப்போது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு வெளியே நான்கு ஏக்கர் நிலத்தில் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஏழு அல்பாகாக்களை வளர்க்கிறோம். நாகலூர் அண்ணன் கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். அதற்கு முன், ஒரு ஜோடி போதுமா என்பதற்கு: போதாது. அல்பாகா கூட்டத்தோடு வாழும் உயிர். தனியாக விட்டால் தீனி எடுக்காமல் இளைத்துப் போகும். மூன்றுக்குக் குறைவாக யாரும் இங்கே விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியை ஒரே அடைப்பில் விட்டால், பெண்ணை ஆண் ஓயாது தொந்தரவு செய்யும். கம்பளிக்காக மட்டும் வளர்ப்பவர்கள் விதையடித்த ஆண்களை வாங்குவதே வழக்கம். எங்களுடைய ஏழில் ஐந்து அப்படிப்பட்டவை. 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும் விலங்கு என்பதால், உங்கள் இளைய மகள் திருமணமாகிப் போன பிறகும் அது உங்கள் தோட்டத்தில்தான் நிற்கும்.

வளர்ப்பதில் இன்பங்கள் உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சாணமிடும். அந்தக் குவியலை அள்ளிக் காய்கறிப் பாத்திக்குப் போடுவது என் மகனின் வேலை. ஒன்றோடொன்று பேசுவது போல மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். கோபம் வந்தால் துப்பும், பெரும்பாலும் தங்களுக்குள்தான். நடுவில் நின்றால் நமக்கும் உண்டு. ஆனால் இங்கேயும் அது வந்தேறி விலங்குதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. இங்குள்ள ரைகிராஸ் புல்லில் கோடை முடிவில் ஒரு நச்சு சேர்ந்து, தின்ற விலங்கு தலை ஆடித் தள்ளாடும். அந்த மாதங்களில் அந்த வயலையே மூடிவிடுகிறோம். ஆண்டிஸின் உச்சி வெயில் இங்கே இல்லாததால், குளிர்காலத்தில் குட்டிகளுக்கு வைட்டமின் டி ஊசி போட வேண்டியிருக்கிறது. 35 டிகிரி வெயில் அடிக்கும் நாட்களில் வயிற்றிலும் காலிலும் தண்ணீர் அடிப்போம். முதுகில் அடிக்கக் கூடாது, நனைந்த உரோமம் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும்.

இந்த நாட்டிற்கு அல்பாகாக்கள் முதன்முதலில் பெரிய மந்தையாக வந்தது 1858-இல். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர், பெரு அரசின் தடையை மீறி 250-க்கும் மேற்பட்ட விலங்குகளை ஆண்டிஸைக் கடந்து ஓட்டிவந்து, கப்பலேற்றிச் சிட்னியில் இறக்கினார். சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி தோற்றுப்போயிற்று. இப்போது இங்கே வேரூன்றியிருக்கும் மந்தைகள் எல்லாம் 1980-களின் இறுதியில் மீண்டும் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை. ஒரு அரசாங்கமே ஆதரித்த மந்தைக்கு அந்தக் கதி என்றால், ஏற்காட்டில் தனி ஒரு குடும்பம் தொடங்குவதைப் பற்றி நான் தயங்குவது நியாயம் என்று நினைக்கிறேன்.

இனி கம்பளி. ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்கும் முன், உரோமம் கத்தரிப்பவர் வருவார். விலங்கைப் பாயில் படுக்கவைத்து முன்கால்களையும் பின்கால்களையும் கயிற்றால் நீட்டிப் பிடித்துக்கொள்ள, பத்து நிமிடத்திற்குள் ஒன்றை முடித்துவிடுவார். அதே வேளையில் நகத்தையும் நீண்ட பல்லையும் வெட்டிவிடுவார். எங்கள் வீட்டில் அது திருவிழா நாள். என் கணவர் கயிறு பிடிப்பார், மகள் தலையைப் பிடித்துச் சமாதானப்படுத்துவாள், நான் விழுகிற உரோமத்தைத் தரம் பிரிப்பேன், மகன் பைகளில் பெயரெழுதுவான். ஒரு விலங்குக்கு மொத்தம் 2 முதல் 4 கிலோ கிடைக்கும். முதுகையும் இரு விலாவையும் போர்த்தியிருக்கும் பகுதிதான் உயர்ந்தது; அது ஏறக்குறையப் பாதி. கழுத்து இரண்டாம் தரம். கால், வயிறு, மார்பு ஆகியவற்றிலிருந்து வருவது கரடு. அதைத் தலையணைக்குள் அடைக்கலாம். இந்தப் பிரிப்பில் சோம்பல்பட்டால் பிறகு எவ்வளவு திறமையாக நூற்றாலும் துணி கழுத்தில் குத்தும். முதல் ஆண்டு நான் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுவிட்டேன். அந்த ஆண்டில் பின்னிய மேலாடையை இன்றுவரை யாரும் போடவில்லை.

ஆட்டுக் கம்பளியில் இருக்கும் பிசுக்கு அல்பாகாவில் அநேகமாக இல்லை. ஆகவே கழுவுவது எளிது; ஆனால் மண்ணில் புரளும் வழக்கம் உண்டு என்பதால் தூசி ஏராளம். முதலில் கம்பி வலையில் பரப்பி உதறிவிட்டு, வலைப்பையில் போட்டு, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் மெல்லிய சோப்புக் கரைத்து ஊறவைப்பேன். அலசும் நீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும். கசக்கினாலோ, சூட்டிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணீருக்கு மாற்றினாலோ இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். பிள்ளைகளுக்கு அந்தக் குற்றமே ஒரு கைவினை: வேண்டுமென்றே சோப்பு நீரில் உருட்டி உருட்டிப் பந்து, மணிமாலை, சிறு பை என்று ஃபெல்ட் பொருள்கள் செய்கிறார்கள். என் மகன் ஆறு வயதில் தொடங்கியது அதில்தான்.

உங்கள் தாயாருக்குத் தனியாக ஒரு சொல். தக்ளி பருத்திக்கென்று அமைந்தது. இழை குட்டை, முறுக்கு அதிகம். அல்பாகா இழை எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் வழுவழுப்பும் கொண்டது. தக்ளியின் வேகத்தில் கயிறு போல விறைத்துவிடும். சற்றுக் கனமான, கையிலிருந்து கீழே தொங்கவிட்டுச் சுழற்றும் கதிர் வேண்டும். மர வட்டும் ஒரு குச்சியும் போதும், ஆசாரி அரை மணி நேரத்தில் செய்து தருவார். பஞ்சு நூற்ற விரல்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். நூற்ற பின் இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்குங்கள். தனி அல்பாகா நூலுக்கு ஆட்டுக் கம்பளியின் துள்ளல் கிடையாது. பின்னிய மேலாடை தன் கனத்தாலேயே தொங்கி நீண்டுவிடும். நான் கால் பங்கு மெரினோ ஆட்டுக் கம்பளி கலந்தே நூற்கிறேன். கழுத்துத் துணிக்கு 150 கிராம் நூல் போதும். பெரியவர் மேலாடைக்கு அரைக் கிலோவுக்குக் குறையாது.

பணம்? ஏழு விலங்குகளின் தீனி, மருத்துவம், கத்தரிப்புக் கூலி ஆகியவற்றைச் சனிக்கிழமைச் சந்தையில் நாங்கள் விற்கும் பொருள்கள் ஈடுகட்டியதே இல்லை. இருவரும் வேலைக்குப் போவதால் வளர்க்கிறோம்.

நாகலூர்த் தோட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி அந்த மனிதரிடம் மூன்று தாள்களையும் கேட்டேன். நேற்றிலிருந்து என் அழைப்பை எடுக்கவில்லை. போர்டோ கலவையைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்த ஒரு காரணத்திற்காகவே என் தோட்டத்தில் செம்மறியும் வேண்டாம், அல்பாகாவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகளுக்கு வருத்தம்தான். மன்னவனூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாப்பேட்டைத் தங்கை எழுதியதை என் தாயார் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். விலங்கு இல்லாவிட்டால் என்ன, கழுவிச் சீவிய கம்பளியை விலைக்கு வாங்கி நூற்கலாமே என்கிறார்கள். அப்படி நூற்ற நூலை, பின்னல் தவிர, நம் சேலத்துத் தறியில் ஏற்ற முடியுமா?

குகைத் தறிக்காரர் எழுதியது:

முடியும், ஆனால் சேலத்தின் குகைப் பகுதியில் நாங்கள் பட்டு நெய்யும் தறியில் அப்படியே ஏற்ற முடியாது. பாவு, அதாவது நெடுக்கு நூல், நுழைந்து வரும் சீப்பு போன்ற சட்டம்தான் பன்னை; பட்டுச் சேலைக்கான பன்னையில் பற்கள் மிக நெருக்கம். கம்பளி நூலின் பிசிறு அதில் உராய்ந்து உராய்ந்து, ஒரு முழம் நெய்வதற்குள் பாவு பஞ்சாக அவிழ்ந்துவிடும். அங்குலத்திற்கு பத்துப் பல் அளவில் உள்ள பன்னை வேண்டும். முதல் முறை, வீட்டில் நூற்ற நூலைப் பாவாகப் போடவே போடாதீர்கள். இரட்டை இழைப் பருத்தி நூலைப் பாவாக ஓட்டி, உங்கள் தாயார் நூற்றதைத் தாரில், அதாவது ஓடத்துக்குள் வைக்கும் நூல் குழலில், சுற்றிக் குறுக்கு நூலான ஊடையாகக் கொடுங்கள். கையில் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். ஊடையில் அது அழகு, பாவில் அது அறுப்பு. ஊடையை நெருக்கும் பலகையை ஓங்கி அடிக்கக் கூடாது. தறியில் இருக்கும்போது சல்லடை போலத் தெரியும்; இறக்கி வெதுவெதுப்பான நீரில் நனைத்தபின்தான் இழைகள் பூரித்து ஒன்று சேரும். ஆகவே அகலத்திலும் நீளத்திலும் எட்டில் ஒரு பங்கு கூட்டியே போடுங்கள்.

சாயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. பட்டும் கம்பளியும் விலங்கிலிருந்து வருபவை. பட்டுக்கு நாங்கள் போடும் அமிலச் சாயமே கம்பளிக்கும் பிடிக்கும். பருத்திச் சாயம் வேண்டாம், அது சோடாக்காரம் கேட்கும்; காரத்தில் கம்பளி வெந்து நைந்துவிடும். சாயத் தொட்டியில் பட்டுச் சிட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவது போலக் கம்பளியைப் புரட்டவும் கூடாது. மெல்லச் சூடேற்றி, அப்படியே ஆறவிட வேண்டும். அந்தப் பொறுமை எங்கள் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இருக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். வீட்டு அடுப்பில் நீங்களே செய்வது மேல். இதை முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குத் தறி வேண்டாம். பழைய சாமி படச் சட்டத்தில் கண்ணாடியை எடுத்துவிட்டு, மேலும் கீழும் அரை அங்குல இடைவெளியில் ஆணி அடித்துக் கொடுங்கள். அதில் பாவு கட்டித் துணி ஊசியால் ஊடை ஓட்டினால் ஒரு நாளில் ஒரு சிறு விரிப்பு முடிந்துவிடும்.

நாகலூர்த் தோட்டம் எழுதியது:

படச் சட்டம் நேற்றே தயாராகிவிட்டது. நூற்பதற்கு முதலில் மெரினோத் திரி ஒரு கிலோ வரவழைத்திருக்கிறேன். கை பழகிய பின் அல்பாகா கொஞ்சம் வாங்கிக் கலக்கலாம் என்று இருக்கிறோம். தாயார் நூற்ற முதல் சிட்டத்தை எடுத்துக்கொண்டு ஆடி மாதம் கீழே இறங்கி வந்தால், ஐயா, உங்கள் தறியில் ஒரு துண்டு நெய்து காட்ட இயலுமா?

குகைத் தறிக்காரர் எழுதியது:

ஆடிப் பண்டிகை நாட்களில் வராதீர்கள், மாரியம்மன் கோயில் கூட்டத்தில் குகைக்குள் வண்டி நுழையாது, தறியும் ஓடாது. பண்டிகை முடிந்த அடுத்த வாரம் வாருங்கள், ஒரு தறியில் பாவு அறுத்து இறக்கியிருப்போம். பத்துப் பல் பன்னையை நான் தேடி வைக்கிறேன். தாயாரையும் அழைத்து வாருங்கள். தார் சுற்ற ஆள் வேண்டும்.